காற்றாலைக்குப் பின்னால் நின்ற தவளைக் கார்

கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டாக்சி ஸ்டாண்டில் பதினான்கு வண்டிகள் நின்றன. பதின்மூன்று வண்டிகளின் ஆரன் வருடத்துக்கு ஒரு தடவையாவது தொண்டை கட்டிப் பழுதாகும். யோகராஜின் அம்பாசடரில் மட்டும் ஆரன் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. கொண்டை ஊசி வளைவில் அடித்தே ஆகவேண்டிய இடத்தில் மட்டும் அடிப்பார். அதுவும் வீட்டு வாசலில் நின்று செருமுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். வத்தலக்குண்டு மலைப்பாதையில் பத்தொன்பது வருடம் ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் விழாத மனிதர் அவர். மற்ற டிரைவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வதில்லை. "சிலோனு வண்டிய எங்க ஓட்டுது, தள்ளிக்கிட்டுல்ல போகுது" என்பார்கள்.

ஒன்பது வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர் என்பதால் 'சிலோன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பா இந்த மலையில் மரம் வெட்டினார். மகன் பூண்டி கிராமத்திலிருந்து வெள்ளைப்பூண்டு ஏற்றிவரும் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார். நாற்பத்தோரு வயதிலும் டயரை 'ரோதை' என்றே சொல்வார். "ரோதைல காத்து கொறஞ்சிருக்கு" என்று அவர் குனிந்து பார்க்கும்போதெல்லாம் ஸ்டாண்டு முழுக்க ஒரு சிரிப்பு ஓடும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

சங்கத் தலைவர் குமாரவேல் பழனிக்காரர். எட்டு வருடமாக அவரே தலைவர். தேர்தல் வைக்கலாமே என்று யாராவது கேட்டால், சீசன் முடியட்டும் என்பார். சீசன் முடிந்ததும், அடுத்த சீசன் வரட்டும் என்பார். ஸ்டாண்டில் முறைப்படிதான் வண்டி போகவேண்டும். யாருடைய முறை என்று ஒரு கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தது. யோகராஜின் பெயர் மேலே வரும் நேரம் பார்த்துக் குமாரவேலுக்கு ஓர் அவசரம் வந்துவிடும்.

"யோகு, ஒரு அவசரச் சோலி கெடக்குடா. இந்தப் பார்ட்டிய நான் ஏத்திக்கிறேன். அடுத்தது உனக்குத்தான்."

"சரிங்கண்ணே" என்பார் யோகராஜ். அடுத்தது வேறு யாருக்காவது போய்விடும். அதற்கும் அவர் சரி என்பார்.

இப்படிப்பட்டவர் ஒரு பூசணிக்காயை எடுத்துச் சங்கத் தலைவரின் நெற்றியில் குறிபார்த்து அடித்தார் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அடித்தார். இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம், நவம்பர் மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை.

அன்று வண்டியின் காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த மாடிக்கடைக்குப் போனார். கடை சுசித்ராவுடையது. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கல்யாணமாகிக் கொடைக்கானல் வந்து, படித்த கம்ப்யூட்டர் படிப்பை வீணாக்க மனமில்லாமல் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தாள். மழைக்காலத்தில் டெலிபோன் லைன் செத்துவிடும், இன்டர்நெட் வராது. கடை சும்மா கிடக்கக்கூடாது என்று ஒரு டிவியும் வீடியோ கேம் பெட்டியும் வாங்கி மூலையில் வைத்தாள். அதனுடன் ஒரே ஒரு சிடி தகடு வந்தது. அதன்மேல் யாரோ பச்சை மார்க்கரில் 'கார் சண்டை 3' என்று எழுதியிருந்தார்கள். ஒன்றும் இரண்டும் எங்கே போயின என்று கடைசிவரை தெரியவில்லை.

"மிஷின் சூடாகக் கொஞ்ச நேரம் ஆகும்ணே. அதுவரைக்கும் ஒரு ஆட்டம் ஆடுங்களேன்" என்று ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் வைத்தாள்.

திரையில் கார்கள் வரிசையாக நின்றன. எல்லாக் காருக்கும் முன்கண்ணாடியில் இரண்டு பெரிய கண்கள். பம்பர் இருக்கவேண்டிய இடத்தில் வாய். பல்லைக் காட்டும் ஜீப் ஒன்று, தூங்கி வழியும் லாரி ஒன்று, தொப்பி போட்ட பால்வண்டி ஒன்று. யோகராஜ் பச்சை நிறத்தில் தவளை மாதிரிக் குந்தியிருந்த ஒரு சின்னக் காரை எடுத்தார். அது ஒன்றுதான் வம்பு பண்ணாத முகத்தோடு இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஒரு பண்ணை, நடுவில் காற்றாலை, சுற்றிலும் மேடும் பள்ளமும். எதிரே மேட்டில் பால்வண்டி ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை வழக்கம். யோகராஜ் தவளையைப் பின்னுக்கு எடுத்து, ஓரம் கட்ட உருட்டிக்கொண்டிருந்தார். பால்வண்டி நேராக அவரைத் தேடி வந்து இடித்தது. தவளை அப்பளமாக நசுங்கியது. அதன் தலைக்குமேல் நட்சத்திரங்கள் சுற்றின.

"ஐயையோ, அவன் மேலதான் தப்பு" என்றார் யோகராஜ்.

"அண்ணே, இதுல வழிவிடக் கூடாதுங்க. இடிக்கணும். அந்த முக்கோணப் பொத்தான அமுக்குனா பூசணிக்கா பறக்கும், பாருங்க."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நசுங்கிய தவளை 'ப்ளக்' என்று உப்பிப் பழைய உருவத்துக்கு வந்தது. ஒரு கீறல் இல்லை. கண்ணைச் சிமிட்டியது. யோகராஜ் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, பொத்தானை அமுக்கினார். பூசணிக்காய் பறந்துபோய்ப் பால்வண்டியின் நெற்றியில் வெடித்தது. பால்வண்டி கத்திக்கொண்டே குட்டிக்கரணம் போட்டுக் குளத்தில் விழுந்தது. அந்தப் பால்வண்டிக்குத் தூக்கிய மூக்கும் அகலமான பல்வரிசையும் இருந்தன. அது குமாரவேலைப் போல இருக்கிறது என்று யோகராஜ் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று அதை இன்னும் பதினோரு தடவை குளத்தில் தள்ளினார். ஜெராக்ஸை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வெள்ளனே ஸ்டாண்டுக்கு வந்து வண்டியைத் துடைத்துவிட்டு மாடிக்குப் போனார். ஆட்டத்தில் அவருக்குப் பிடித்தது என்ன என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இடித்தால் யாருக்கும் வலிக்கவில்லை. பள்ளத்தில் விழுந்தவன், உயிர்க் கணக்கு தீரும்வரை, மறு நொடி மேலே நின்றான். போலீஸ் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, வண்டிக்குள்ளிருந்து இறங்கி வந்து சட்டையைப் பிடிக்கிறவன் இல்லை. தேனீக்கூட்டை வீசலாம், ரோடெல்லாம் கூழை ஊற்றி வழுக்கவிடலாம், இரும்புக் குத்துக்கையை நீட்டி மூக்கில் குத்தலாம். பத்தொன்பது வருடமாக விழுங்கி வைத்திருந்ததெல்லாம் விரல் வழியாக இறங்கிப் போனது. வில்பட்டியில் கேரட் கழுவும் வேலைக்குப் போய்வந்த அவர் மனைவி இராசாத்தி ஒரு நாள், "என்னாங்க, இப்பெல்லாம் ராத்திரி பல்லக் கடிக்காம தூங்குறீங்க?" என்று கேட்டாள். மழை இல்லையா, குளிருக்கு இதமாக இருக்கிறது என்று மழுப்பினார்.

ஆனால் பத்து நாளில் யோகராஜுக்குள் இருந்த டிரைவர் விழித்துக்கொண்டார். குறைகளை ஒவ்வொன்றாகச் சுசித்ராவிடம் சொல்ல ஆரம்பித்தார்.

"தங்கச்சி, இதுல பிரேக்கும் ரிவர்ஸும் ஒரே பொத்தான்ல இருக்கு. நிக்கணும்னு அமுக்குனா பின்னால போகுது. இத எவன் பாஸ் பண்ணி விட்டான்?"

"தெரியலண்ணே."

"சுவத்தோரமா போனா, காரக் காட்டாம சுவத்தையே காட்டுது. அப்புறம் இந்தப் பாட்டு. சுத்திச் சுத்தி அதே பாட்டு. பத்து நாளா காதுக்குள்ள கெடக்கு. ஒரு ஆளு இங்கிலீஷ்ல கத்துறானே, அவனும் மூணே மூணு வார்த்தைதான் கத்துறான்."

எட்டு மைதானங்கள்தான் இருந்தன. ஒவ்வொன்றை ஜெயித்ததும் ஒரு கோப்பை வந்து சுற்றும். எட்டும் முடிந்தால் மறுபடி முதல் மைதானம். நடுவில் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் ஜெயித்ததெல்லாம் போச்சு. கொடைக்கானலில் நவம்பரில் மரம் விழாத நாள் குறைவு. அதனால் யோகராஜ் முதல் மூன்று மைதானங்களையே அறுபது எழுபது தடவை ஜெயித்தார்.

பெரிய குறையை அவர் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே, கீழே ஒரு பஸ் வழி கேட்டு அலறியது. அவர் தவளையைக் காற்றாலைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, ஓடிப்போய் அம்பாசடரை நகர்த்திவிட்டுத் திரும்பினார். மாடியேறி வந்தால் திரையில் மற்ற கார்கள் ஒன்றையொன்று அடித்துக் குப்புறக் கிடந்தன. தவளை நிறுத்திய இடத்திலேயே கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. 'வெற்றி' என்று கோப்பை வந்து சுற்றியது. மறுபடி நிறுத்திப் பார்த்தார். அதேதான். ஓடாததை, சுடாததை அந்தக் கம்ப்யூட்டர் கார்கள் கார் என்றே கணக்கில் எடுக்கவில்லை.

"இது பெரிய பிழை தங்கச்சி" என்றார் வருத்தத்தோடு. "நிக்கிறவன் ஜெயிக்கிறான்னா அப்புறம் எதுக்கு வண்டி?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. கடைக்கு ஆள் வராது" என்றாள் சுசித்ரா.

சொல்லாமலே ஆள் வந்தது. யோகராஜ் தினமும் எங்கே போகிறார் என்று ஒற்றறிய வந்த ஆண்டிச்சாமி, சுமோ ஓட்டுகிறவர், மூன்று மணிநேரம் கழித்துத்தான் கீழே இறங்கினார். ஒரு வாரத்துக்குள் ஸ்டாண்டே மாடியில் இருந்தது. குமாரவேலும் வந்தார். வந்ததும் பால்வண்டியை எடுத்தார். "இதுதான்டா வண்டி, கம்பீரமா இருக்கு" என்றார். யோகராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிசம்பர் பிறந்தது. கிறிஸ்துமஸ் சீசன் நெருங்கியது. ஒரு புதுமணத் தம்பதியை ஏற்றுவதில் குமாரவேலுக்கும் ஆண்டிச்சாமிக்கும் தகராறு வந்து, சட்டைப் பொத்தான் தெறிக்கும் அளவுக்குப் போனது. கரும்பலகையில் யார் பெயரை யார் அழித்தார்கள் என்று தெரியவில்லை.

"எதுக்குடா அடிச்சுக்கிறோம்?" என்றார் குமாரவேல். "மாடில ஆடிப் பாத்துருவோம். ஜெயிக்கிறவனுக்கு முத முறை. சங்கம் முடிவு பண்ணிருச்சு."

சங்கம் என்றால் குமாரவேல்தான். இருந்தாலும் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. சீசன் முழுவதற்கும் முறை வரிசையை 'கார் சண்டை 3' தீர்மானிக்கும் என்று தீர்மானம் எழுதி, பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு இரண்டு பேராக ஆட்டம். கூட ஆறு கம்ப்யூட்டர் கார்கள். இரண்டு பேரில் யார் முதலில் விழுகிறாரோ அவர் தோற்றவர். சீட்டுக் குலுக்கியதில் யோகராஜுக்குக் குமாரவேல் வந்தார்.

சனிக்கிழமை காலை, மாடி நிரம்பி வழிந்தது. யோகராஜ் குமாரவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தனியாக இருக்கும்போது அந்தப் பால்வண்டியை நூறு தடவை குளத்தில் தள்ளியவர்தான். ஆள் பக்கத்தில் இருந்தபோது முக்கோணப் பொத்தானுக்கு விரல் போகவில்லை. தவளையைக் காற்றாலைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவ்வளவுதான்.

"எங்கடா ஓடுன? ஏலே, வெளிய வாடா!" என்று கத்திக்கொண்டே பால்வண்டி பாய்ந்து வந்தது. பாய்கிற வண்டியைத்தான் ஆறு கம்ப்யூட்டர் கார்களும் பார்த்தன. ஆறும் அதன்மேல் விழுந்தன. பூசணிக்காயும் தேனீக்கூடுமாக அடித்து, கண் மூடித் திறப்பதற்குள் சங்கத் தலைவரைக் குளத்தில் தள்ளின.

யோகராஜ், "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றார்.

அடுத்து வந்த மூன்று பேரும் அப்படியே தோற்றார்கள். யோகராஜ் நின்றார்; மற்றவர்கள் பாய்ந்தார்கள், விழுந்தார்கள். முதல் முறை யோகராஜுக்கே என்று ஆனதும் குமாரவேல் எழுந்தார்.

"செல்லாது! நிக்கிறதெல்லாம் ஆட்டமா?"

"நாமளும் ஸ்டாண்டுல நாள் பூரா நிக்கத்தான செய்றோம் தலைவரே. அத சோலின்னுதான சொல்றோம்?" என்றார் ஆண்டிச்சாமி.

காரசாரமான விவாதம் ஒரு மணிநேரம் நடந்தது. நிற்பது வீரமா, கோழைத்தனமா, அல்லது தொழில் தர்மமா என்பதில் சங்கம் மூன்றாகப் பிரிந்தது. அந்த நேரத்தில் கீழே ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம், குழந்தை குட்டிகளோடு ஒன்பது பேர், பதினான்கு காலி வண்டிகளுக்கு நடுவே குடையோடு நின்றிருந்தார்கள். ஒவ்வொரு வண்டியாகக் கண்ணாடியில் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஏரிப்பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். இவர்கள் இறங்கி வந்தபோது முதல் முறைக்குச் சொந்தக்காரர் இருந்தார்; ஏற்றுவதற்குத்தான் ஆள் இல்லை.

குமாரவேல் மறு ஆட்டம் கேட்டார். அடுத்த புதன்கிழமை என்று குறித்தார்கள். அந்த நான்கு நாளும் அவர் கடையைத் தாழ் போடச் சொல்லிப் பயிற்சி எடுத்தார். ரகசியம் பிடிபட்டுவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

புதன்கிழமை மதியம் ஆட்டம் தொடங்கியதும் தவளை காற்றாலைக்கு இந்தப் பக்கம் நின்றது. பால்வண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. ஆறு கம்ப்யூட்டர் கார்களும் அடிக்க ஆள் இல்லாமல் ஒன்றையொன்று அடித்து ஓய்ந்தன. அதன்பிறகு மைதானத்தில் இரண்டு கார்கள், நடுவில் காற்றாலை. யார் முதலில் திரும்பி வெளியே வருகிறாரோ அவருக்கு மற்றவரின் பூசணிக்காய் காத்திருந்தது. அதனால் யாரும் வரவில்லை. ஆட்டத்துக்கு நேரக் கணக்கு என்று ஒன்று இல்லை என்ற குறை அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

கால்மணி நேரம் போனது. அரைமணி போனது. டீ வந்தது, குடித்தார்கள். அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு டிரைவர்கள், இரண்டு கார்கள் நிற்பதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

அப்போது மாடிப்படியில் மூச்சு வாங்க ஓர் அம்மாள் ஏறி வந்தார். சுந்தராம்பாள் டீச்சர், பள்ளியிலிருந்து ஓய்வுபெற்றவர். கையில் ஒரு பெட்டி, பிளாஸ்டிக் கூடை.

"இங்க கார் ஓட்டுறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். "கொடைரோடு ஸ்டேஷன்ல எனக்குச் சாயந்தரம் ட்ரெயினு. கீழ அத்தன வண்டி நிக்குது, ஓட்ட ஒருத்தரையும் காணோம்."

யாரும் திரும்பவில்லை. "செத்த இருங்க டீச்சர், முக்கியமான கட்டம்" என்றார் ஆண்டிச்சாமி.

யோகராஜ் திரையைப் பார்த்தார். டீச்சரின் நனைந்த செருப்பைப் பார்த்தார். டம்டம் பாறைக்குக் கீழே இந்த நேரத்தில் மூட்டம் எப்படி இருக்கும், எத்தனை மணிக்குக் கிளம்பினால் ரயிலைப் பிடிக்கலாம் என்று மனது தானாகவே கூட்டிப் பார்த்தது. ஜாய்ஸ்டிக்கை மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

"வாங்க டீச்சர், வெரசா போயிரலாம்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"ஏலே யோகு, எந்திரிச்சா தோத்த மாதிரிடா!" என்றார் குமாரவேல்.

"சரிங்கண்ணே."

அவர் இறங்கிப் போனபிறகும் குமாரவேல் வெளியே வரவில்லை. சிலோன்காரன் ஏதோ தந்திரம் பண்ணுகிறான், படியில் ஒளிந்து நிற்கிறான் என்றே நினைத்தார். ஆளில்லாத தவளைக்குப் பயந்து இன்னும் கால்மணி நேரம் பால்வண்டி நின்றது. கடைசியில் துணிந்து சுற்றி வந்து, அசையாத தவளையின்மேல் கையிலிருந்த அத்தனை பூசணிக்காய்களையும் அடித்துத் தீர்த்தார். கோப்பை வந்து சுற்றியது. கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. டீச்சர் அதற்குள் பெருமாள்மலை தாண்டிவிட்டார்.

அந்த சீசனில் முதல் முறை தலைவருக்கு. இரண்டாவது முறைக்கு யார் என்று ஆடினார்கள், மூன்றாவதுக்கு ஆடினார்கள், தோற்றவர்கள் அப்பீல் போட்டு மறுபடி ஆடினார்கள். தலைவர் தன் பட்டம் பறிபோகாமலிருக்க மாடியைவிட்டு இறங்கவே இல்லை. நடுவில் எழுந்துபோனதற்காக யோகராஜ் ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டிருந்ததால் கீழே வண்டிப் பக்கத்தில் நின்றார். வருகிறவர்களெல்லாம் அவர் வண்டியில் ஏறினார்கள். தூண்பாறைக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை போனார். "முறை இல்லாம ஏத்துற" என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு யாரும் கீழே இல்லை. ஆனால் ராத்திரி மறுபடி பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று இராசாத்தி சொன்னாள்.

பொங்கலுக்குள் ஆர்வம் வடிந்தது. எட்டு மைதானங்களும் எல்லோருக்கும் மனப்பாடம். எல்லோரும் நிற்கக் கற்றுக்கொண்டதால் ஆட்டம் டீ குடிக்கிற வேலையாகிவிட்டது. சீசன் போச்சே என்ற புலம்பல் மட்டும் மிஞ்சியது. டிரைவர்களின் பிழைப்பைக் கெடுத்த வீடியோ கேமைக் கண்டித்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. குமாரவேலே முன்மொழிந்தார். சுசித்ரா புதிதாக ஒரு தகடு வாங்கி வந்தாள். அதில் நிஜக் கார் மாதிரியே கார்கள். பெட்ரோல் தீரும், சிக்னலில் நிற்க வேண்டும், இடித்தால் விளக்கு உடையும். ஆண்டிச்சாமி ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, "இந்தக் கண்றாவிக்கு நம்ம வண்டியே இருக்கே" என்று எழுந்து போனார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த இராசாத்தி, அப்படி என்னதான் அந்த மாடியில் இருக்கிறது என்று பார்க்க ஏறி வந்தாள். கடை காலியாக இருந்தது. சுசித்ரா பழைய தகட்டையே போட்டு, இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் கொடுத்தாள். இராசாத்தி தூங்கி வழியும் லாரியை எடுத்தாள். யோகராஜ் தவளையை எடுத்து, எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தார். அதற்குள் லாரி அவர்மேல் ஏறியது.

"ஏய், நான் ஆட்டத்த சொல்லித் தர்றேன்டி!"

"சொல்லுங்க, சொல்லுங்க" என்று மறுபடி ஏற்றினாள். தவளை நசுங்கியது, உப்பியது, மறுபடி நசுங்கியது. அவர் காற்றாலைக்குப் பின்னால் போகவில்லை. பாய்ந்து வந்து இடித்தார், இடி வாங்கினார், கூழில் வழுக்கிக் குளத்தில் விழுந்தார். இராசாத்தி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. குளிர்ந்த தண்ணீரில் கேரட் கழுவிக் கழுவி வெடித்திருந்த விரல்களால் பொத்தானை ஓங்கி ஓங்கி அமுக்கினாள்.

திடீரென்று நிறுத்தினாள். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏங்க, உள்ள ஆளே இல்லையே. இத யாரு ஓட்டுறா?"

யோகராஜ் குனிந்து பார்த்தார். கண் இருந்தது, வாய் இருந்தது. ஸ்டியரிங்கும் இல்லை, சீட்டும் இல்லை. இரண்டு மாதமாகக் குறை கண்டுபிடித்த மனிதர் இதைக் கவனிக்கவே இல்லை.

"ஆமால்ல" என்றார். அவர் இன்னும் குனிந்திருக்கும்போதே லாரி மறுபடி அவர்மேல் ஏறியது.

"எந்திரி, சந்தைக்குப் போகணும்னியே."

"சந்தை எங்கயும் ஓடிராது" என்றாள் இராசாத்தி. "இன்னொண்ணு."